ரியர் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் காரைப் பனியில் தினமும் ஓட்ட முடியுமா? ஒரே நாளில் இரண்டு முறை வழுக்கிவிட்டது

இரட்டை இருக்கை:

வணக்கம் நண்பர்களே. இந்தக் கோடையில் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கினேன், இரண்டு இருக்கை, எஞ்சின் பின்சக்கரத்தை ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார். நான்காம் தலைமுறை, மேனுவல் கியர், துணிக்கூரை, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்துவது) உள்ள மாடல். பத்து வருடமாக முன்சக்கரம் இழுக்கும் சின்ன கார் ஒன்றைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அதைப் பனியிலும் ஓட்டியிருக்கிறேன், ஒருநாளும் பயந்ததில்லை. இப்போது வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான். வேலைக்குப் போய் வர தினமும் 30 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் ஏற்ற இறக்கமான சாலை.

போன வாரம் முதல் பனி விழுந்தது. விரல் கனம்கூட இருக்காது. காலையில் சிக்னலில் பச்சை விழுந்ததும் வலது பக்கம் திரும்பினேன், வழக்கம்போலத்தான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், பின்பக்கம் சட்டென்று சுற்றி கார் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. வேகம் 20கூட இருந்திருக்காது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (கார் சுற்றாமல் தானாகவே பிடித்து நிறுத்தப் பார்க்கும் அமைப்பு) விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது, என்றாலும் சுற்றியது. மாலையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. இறக்கத்தில் ஒரு வளைவில் மெதுவாக வந்துகொண்டிருந்தேன், பிரேக்கைத் தொடவே இல்லை, வேகத்தைக் குறைக்கலாம் என்று மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றி கிளட்சை விட்டேன், அந்த நொடியே வால் வீசியது. ஓரத்துப் புல்லில் ஏறி நின்றேன். எதிரே யாரும் வரவில்லை, காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வேர்க்கிறது.

டயர் காரோடு வந்த கோடை டயர்தான், 205/45 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்), 17 அங்குலம். குளிர்கால டயர் போட்டால் இந்தக் காரைத் தினமும் ஓட்ட முடியுமா, பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டால் போதுமா? டிக்கியில் மணல் மூட்டை வைக்கச் சொல்கிறார்கள், அது சரியா? ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டினால்தான் பனியில் நல்லது என்றும் ஒருவர் சொன்னார். அப்புறம் அந்த இறக்கத்தில் என்னதான் நடந்தது, யாராவது விளக்குங்கள்.

வெண்பாதை:

புல்லோடு போனது நல்லது. 14 குளிர்காலமாகப் பின்சக்கர கார் மட்டுமே ஓட்டுகிறேன், அதனால் முதல் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வேன்: முடியும், நிச்சயமாக முடியும், ஆனால் இப்போதிருக்கும் டயரோடு இன்னும் ஒரு நாள்கூட வேண்டாம். டயர் வரும்வரை பஸ்ஸில் போங்கள், யாரிடமாவது தொற்றிக்கொண்டு போங்கள்.

கோடை டயரின் ரப்பர் சூட்டுக்காகச் செய்தது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே அது இறுகத் தொடங்கிவிடும், பனி இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, காய்ந்த தார்ச்சாலையிலேயே பிடிப்பு குறையும். ஸ்போர்ட்ஸ் காருக்கென்று வரும் டயரில் இது இன்னும் மோசம், கடுங்குளிரில் அப்படிப்பட்ட டயரின் ரப்பரில் வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயரின் ரப்பர் உறைநிலைக்குக் கீழேயும் மெத்தென்று இருக்கும். அதன் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகளில் மெல்லிய கீற்று வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை பனியைக் கவ்விப் பிடித்து வைத்துக்கொள்ளும், பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதுதான் அதன் ரகசியம். சுழன்று வரும் டயரில் வெள்ளையாகப் பனி அப்பியிருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சோதனை செய்து கொடுக்கும் குறி. 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், அதற்குப் பின்னால் பனிச் சோதனை எதுவும் கிடையாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், முதல் வருடம் ஒரு கடையில் அந்த எழுத்தைக் காட்டி இதுவே போதும் என்றார்கள், நானும் வாங்கிவிட்டு அந்தக் குளிர்காலம் முழுக்க ஏற்றத்தில் நின்று நின்று தவித்தேன்.

நான்கு டயரும் மாற்றவேண்டும். பின்னால் மட்டும் போட்டால் கார் கிளம்பும், ஆனால் திருப்புவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் முன்சக்கரத்தின் வேலை, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போய்க்கொண்டிருக்கும். அது வால் வீசுவதைவிடப் பயங்கரம், ஏனென்றால் அப்போது நீங்கள் செய்வதற்கு அநேகமாக எதுவும் மிச்சமிருக்காது.

அளவைப் பொறுத்தவரை அகலத்தைக் குறையுங்கள். உங்கள் காருக்கு 195/50, 16 அங்குலமும் உண்டு, குளிர்காலத்துக்கு அதுதான் பொருத்தம். ஒடுக்கமான டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே ஏறி மிதக்கப் பார்க்கும். பெரிய பிரேக் உள்ள மாடலாக இருந்தால் 16 அங்குல வீல் காலிப்பரில் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்கும், அதை மட்டும் முதலில் அளந்து பாருங்கள். தனி வீலோடு ஒரு செட்டாக வாங்கி வைத்தால் வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. டயரில் உள்ள பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் பனிக்கு அது உதவாது, சட்டம் அதற்குக் குறைவாக அனுமதித்தாலும் சரி.

இன்னொன்று, இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் 12, 13 மீட்டரில் நின்றுவிடலாம். மிதிபட்டு இறுகிய பனியில் 50 மீட்டர் ஆகும். ஐஸில் 100 மீட்டரை நெருங்கும். இது பிரேக்கில் கால் வைத்த பிறகு உள்ள தூரம், நீங்கள் பார்த்து யோசிக்கும் ஒரு நொடியில் போகும் 14 மீட்டர் தனி. நல்ல டயர் இதைக் குறைக்கும், ஆனால் காய்ந்த சாலை ஆக்கிவிடாது. வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் கால்வாசியாகும், பனியில் இதைவிட மலிவான பாதுகாப்பு எதுவும் இல்லை.

கிளட்ச்கால்:

டயரைப் பற்றி மேலே சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. அந்த இறக்கத்துக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் முன்சக்கர காரிலிருந்து வருகிற எல்லோரையும் கவிழ்ப்பது அதுதான்.

பழைய காரில் கியரைக் குறைத்து வேகத்தைக் குறைப்பது நல்ல பழக்கமாக இருந்தது, சரிதானே? அங்கே எஞ்சின் பிடித்து இழுப்பது முன்சக்கரத்தை. முன்சக்கரம் வழுக்கினாலும் கார் நேராகத்தான் போகும். இதில் எஞ்சின் பிடித்து இழுப்பது பின்சக்கரத்தை மட்டும். மூன்றில் சுழன்றுகொண்டிருந்த எஞ்சின் இரண்டாவது கியருக்கு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அதைச் சுழற்றிவிட வேண்டிய சக்தி எங்கிருந்து வரும்? பின் டயரிலிருந்து. நீங்கள் கிளட்சை விட்ட நொடியில் பின்சக்கரங்களுக்கு மட்டும் ஹேண்ட்பிரேக் இழுத்தமாதிரி ஆகிவிட்டது. அதோடு இறக்கம் என்பதால் எடை ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருந்தது, பின்னால் அழுத்தம் குறைவு, சாலை வேறு வளைந்திருந்தது. வால் வீசாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, சமதளத்திலேயே, எந்தக் கியரில் இறங்கப்போகிறீர்களோ அதைப் போட்டுவிடுங்கள். நடுவில் குறைத்தே ஆகவேண்டும் என்றால் ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி எஞ்சினின் சுழற்சியை ஏற்றிக்கொண்டு, அப்புறம் கிளட்சை மெதுவாக விடுங்கள். இது கைவராதவரை வேகத்தைக் குறைப்பதற்கு பிரேக்தான் நல்லது, அது நான்கு சக்கரத்திலும் பிடிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கூட நிற்கும்.

பின்பக்கம் நழுவ ஆரம்பித்துவிட்டால் முதல் வேலை கிளட்சை மிதிப்பது. எல்லாவற்றுக்கும் முன்னால் அது. மிதித்ததும் பின்சக்கரம் முடுக்கப்படுவதும் இல்லை, பிடித்து இழுக்கப்படுவதும் இல்லை, சும்மா உருளும், உருளும் சக்கரத்துக்குத்தான் பக்கவாட்டுப் பிடிப்பு அதிகம். கண் நீங்கள் போக விரும்பும் இடத்தில் இருக்கட்டும், மரத்தையோ எதிரே வரும் வண்டியையோ பார்க்காதீர்கள், கை கண் போகும் பக்கம்தான் போகும். வால் வலது பக்கம் போனால் ஸ்டீயரிங்கும் வலது பக்கம். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்: வால் திரும்பி வரத் தொடங்கிய உடனே, அது முழுதாக நேராவதற்கு முன்பே, ஸ்டீயரிங்கையும் நேராக்கிக்கொண்டு வரவேண்டும். தாமதித்தால் கார் மறுபக்கம் இன்னும் வேகமாக வீசும், ஊஞ்சல் மாதிரி. முதல் வீச்சைச் சமாளித்துவிட்டு இரண்டாவது வீச்சில் பள்ளத்துக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முழுதாகச் சுற்றிவிட்டது, இனி மீட்க முடியாது என்று தெரிந்துவிட்டால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலையில் நடந்தது எளிது. டயரிடம் இருப்பது ஒரு கைப்பிடி பிடிப்பு, அதைத் திரும்புவதற்கும் கொடுக்கலாம், முடுக்குவதற்கும் கொடுக்கலாம், இரண்டையும் முழுதாகக் கேட்டால் இரண்டுமே கிடைக்காது. நேராகக் கிளம்பி, காலை எடுத்து, திரும்பி, ஸ்டீயரிங் நேரானபின் மறுபடி மிதியுங்கள். முடிந்தால் இரண்டாவது கியரில் கிளம்பிப் பழகுங்கள், சக்கரத்துக்குப் போகும் முறுக்கு குறைவாக இருக்கும்.

ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலைச் சாலையில் அணைக்கவே கூடாது. அது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் பிடிக்கிறது, நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல். அன்று அது தோற்றதற்குக் காரணம், டயரில் பிடிப்பே இல்லாதபோது எந்தச் சக்கரத்தைப் பிடித்தும் பயனில்லை. அணைக்கவேண்டிய ஒரே நேரம், பனியில் புதைந்து நிற்கும்போது. அப்போது அது எஞ்சின் சக்தியை வெட்டிவிடும், கார் அசையாது. அணைத்துவிட்டு முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றிப் பூப்போல மிதித்து காரை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுத்து, உடனே மறுபடி போட்டுவிடுங்கள். சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டால் கீழே உள்ள பனி உருகி ஐஸாகி, குழி தோண்டியதுதான் மிச்சம்.

மூணாம் கியர்:

மணல் மூட்டையை யாரும் தொடவில்லையே. என் அப்பா பிக்கப் ஓட்டிய காலத்திலிருந்து பின்னால் 100 கிலோ மணல் போடாமல் குளிர்காலத்தைத் தாண்டியதில்லை, நானும் அப்படித்தான். பின்சக்கர வண்டிக்குப் பின்னால் எடை வேண்டும், அவ்வளவுதான். எங்காவது மாட்டிக்கொண்டால் அந்த மணலையே சக்கரத்துக்கு முன்னால் தூவிக்கொள்ளலாம். டயரும் போடுங்கள், மணலும் போடுங்கள் என்பேன்.

பழைய 911:

மூணாம் கியர் தம்பி சொல்வது பிக்கப்புக்குச் சரி. வெறும் பிக்கப்பில் பின்னச்சின் மேல் எடையே இருக்காது, சரக்கு ஏற்றுவதற்காகச் செய்த வண்டி, ஏற்றினால்தான் அது அதுவாக இருக்கும். எம்எக்ஸ்-5 வேறு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எனக்கு இது பிடித்த விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனியில் ஒரு கார் எவ்வளவு செங்குத்தான ஏற்றத்தில் ஏறும் என்பது ஏறக்குறைய இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. மற்றது, காரின் எடையில் எத்தனை பங்கு ஓட்டும் சக்கரத்தின் மேல் இருக்கிறது என்பது. இந்தக் காரில் பாதி முன்னால், பாதி பின்னால். கோடை டயருக்கு இறுகிய பனியில் உராய்வு 0.1 என்று வைத்தால், 0.1 பெருக்கல் பாதி, 5 சதவீத ஏற்றம். அதாவது 100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரும் சாலையில் கார் நின்றுவிடும். நல்ல குளிர்கால டயருக்கு 0.25 என்று வையுங்கள், 12.5 சதவீதம் ஏறலாம்.

இப்போது மணல். கார் 1,050 கிலோ, டிக்கியில் 50 கிலோ வைக்கிறீர்கள். பின்னால் உள்ள பங்கு 50 சதவீதத்திலிருந்து 53 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். 12.5 என்பது 13ஐ ஒட்டிப் போகும், அவ்வளவே லாபம். பதிலுக்கு என்ன கொடுக்கிறோம்? அந்த டிக்கி பின்னச்சுக்கு அப்பால் இருக்கிறது, அங்கே எடை கூடினால் முன்சக்கரத்திலிருந்து சில கிலோ தூக்கப்படும், வால் வீசினால் அதை நிறுத்துவதும் கடினம், கனமான வால் கனமாகத்தான் வீசும். பிரேக் தூரம் ஒரு அடிகூடக் குறையாது. மோதினால் கட்டாத மூட்டை முன்னால் பாயும். அதனால் மாட்டிக்கொண்டால் தூவுவதற்கு ஐந்து கிலோ மணல் ஒரு பையில் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

மேலே உள்ள கணக்கையே என் காருக்குப் போட்டால் ஒன்று தெரியும். என்னுடையது போர்ஷே 911, அதில் எஞ்சின் பின்னச்சுக்குப் பின்னால் இருப்பதால் ஏறக்குறைய 60 சதவீத எடை பின்னால். பனியில் ஏறுவதற்கு அது பெரிய வரம். மான்டே கார்லோ ராலியை 911 தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தது, 1968இல் விக் எல்ஃபோர்ட், 1969இலும் 1970இலும் பியோர்ன் வால்டேகார்ட், அது ஜனவரி மாதத்து மலைப்பாதை. பின்சக்கர கார் பனிக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் ஆணி பதித்த டயரும் போட்டார்கள், சாலையில் எதிரே வண்டி வராது என்றும் அவர்களுக்குத் தெரியும். பின்னால் எடை இருப்பதற்கு விலையும் உண்டு. வளைவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து பின்சக்கரம் லேசாகி, அந்தக் கனமெல்லாம் வெளியே வீசப் பார்க்கும். பழைய 911 ஓட்டியவர்கள் எல்லோருக்கும் அந்த வயிற்றுப் பிசைவு தெரியும். உங்கள் கார் அந்த அளவுக்கு முரண்டு பிடிக்காது, எடை நடுவில் இருப்பதால் வால் நழுவுவதை இடுப்பிலேயே உணரலாம். ஆனால் பழக்கம் ஒன்றுதான்: மிதிப்பதும் மெதுவாக, காலை எடுப்பதும் அதே மெதுவாக. எல்லோரும் முதலாவதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், இரண்டாவதைச் சொல்வதில்லை.

நான்கு சக்கர ஓட்டம் இருந்தால் ஏறுவது எளிது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நிற்பதற்கும் திரும்புவதற்கும் எல்லா காருக்கும் நான்கு டயர்தான். கோடை டயர் போட்ட நான்கு சக்கர ஓட்ட காரைவிட, குளிர்கால டயர் போட்ட உங்கள் கார் சிக்னலில் முன்னதாக நிற்கும்.

மூணாம் கியர்:

கணக்கு ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. பிக்கப்பை வைத்துத்தான் சொன்னேன், ரெண்டு சீட்டு காரின் டிக்கியில் அது எங்கே போய் உட்காரும் என்று யோசிக்கவில்லை.

உப்புத்தூள்:

ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது, நான் அதே மாடலை ஆறு குளிர்காலம் வெளியே நிறுத்தி வைத்து ஓட்டியவன், அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் காருக்கு உண்மையான எல்லை டயரும் இல்லை, பின்சக்கரமும் இல்லை, வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிதான். புதுப்பனி 12, 13 சென்டிமீட்டருக்கு மேல் கிடந்தால் கார் அடிவயிற்றால் பனியைத் தள்ளிக்கொண்டு போகும், கொஞ்ச தூரத்தில் அந்தப் பனி கீழே இறுகிக் காரைத் தூக்கிவிடும், சக்கரம் நான்கும் தொங்கும். அப்போது எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, மண்வெட்டி ஒன்றுதான் வழி. அப்படிப்பட்ட காலையில் சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி போகிறவரை காத்திருங்கள். மழை உறைந்து ஐஸாக விழும் நாளிலும் காரை எடுக்காதீர்கள். பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, ஐஸ் மிகவும் வழுக்குவது கடுங்குளிரில் இல்லை, பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில், மேலே ஈரம் மினுங்கும்போது. பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் அதே ஐஸில் ஓரளவு பிடிப்பு இருக்கும்.

பாலங்கள் முதலில் உறையும், மேலும் கீழும் காற்றுப் படுவதால். சாலை ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து நீர் தெறிக்கவில்லை, உங்கள் டயர் சத்தமும் திடீரென்று அடங்குகிறது, ஸ்டீயரிங் கையில் எடையில்லாமல் லேசாகிறது என்றால் நீங்கள் ஏற்கெனவே ஐஸின் மேல் இருக்கிறீர்கள். எதையும் செய்யாதீர்கள். கிளட்சை மட்டும் மிதித்து நேராக உருளவிடுங்கள்.

டயரில் மாட்டும் பனிச் சங்கிலி எடுத்து வைத்தால் அது பின்சக்கரத்துக்கு. ஆனால் வீலுக்கும் உடலுக்கும் இடைவெளி குறைவான காரில் எல்லாச் சங்கிலியும் நுழையாது, காரோடு வந்த கையேட்டில் எந்த அளவு டயரில் அனுமதி என்று பாருங்கள். துணியுறை மாதிரி டயர் மேல் மாட்டுவது கிடைக்கிறது, ஒரு ஏற்றத்தைத் தாண்ட அது போதும்.

துணிக்கூரையைக் குளிரில் திறக்காதீர்கள், விறைத்த துணியை மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். பனியை மென்மையான தூரிகையால் தள்ளுங்கள், ஐஸைச் சுரண்டும் தகடு கண்ணாடிக்கு மட்டும். இரவில் ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்தினால் காலையில் உறைந்து ஒட்டிக்கொள்ளலாம், சமதளத்தில் கியரில் போட்டு நிறுத்துங்கள். கதவு ரப்பரில் சிலிகான் தடவி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஸ்டீயரிங் ஆடினால் பதற வேண்டாம், வீலுக்கு உள்ளே பனி அப்பி எடைச் சமநிலை கெட்டிருக்கும், தட்டி எடுத்தால் சரியாகிவிடும்.

பனியில் புதைந்து எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால் முதலில் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. இதை நான் எங்கே எழுதினாலும் சேர்த்து எழுதுவேன்.

கடைசியாக உப்பு. சாலையில் போடும் உப்பு இந்த மாதிரி காரை அடியிலிருந்து தின்றுவிடும். குளிர்காலம் தொடங்குமுன் அடிப்பக்கம் முழுக்க மெழுகுப் பூச்சு, நடுவில் உறையாத நாளாகப் பார்த்து அடியில் நீர் பீய்ச்சிக் கழுவுதல், இரண்டையும் விடாதீர்கள். இந்தக் காரை நேசிக்கிறீர்கள் என்றால், பனியைவிட அதற்குப் பெரிய எதிரி உப்பு.

இரட்டை இருக்கை:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். 16 அங்குல வீல் காலிப்பரில் இடிக்கவில்லை, நான்கும் மாட்டியாகிவிட்டது, மலைக்குறி உள்ள டயர்தான். நேற்று இரவு நல்ல பனி, ஒரு பெரிய காலி மைதானத்தில் அனுமதி வாங்கி இரண்டு மணி நேரம் தனியாகப் பழகினேன். தனியிடம் என்பதால் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைத்தும் போட்டும் பார்த்தேன்.

கிளட்ச்கால் சொன்ன அந்த ஊஞ்சல் வீச்சு எனக்கு ஏழெட்டு முறை வந்தது. வால் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராக்கினால் ஏற்கெனவே தாமதம், இடுப்பில் தெரியும்போதே நேராக்கவேண்டும் என்பது பத்தாவது முறையில்தான் பிடிபட்டது. கிளட்சை மிதித்ததும் கார் அமைதியாகிவிடுவதை நம்பவே முடியவில்லை. வேண்டுமென்றே மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றி கிளட்சை விட்டும் பார்த்தேன், அன்று மாலை நடந்தது அப்படியே நடந்தது, இந்த முறை ஏன் என்று தெரிந்திருந்ததால் பயம் வரவில்லை. ஏபிஎஸ் தடதடவென்று காலில் உதைப்பதற்கும் பழகிக்கொண்டேன், முன்பெல்லாம் அந்த உதைப்பில் காலை எடுத்துவிடுவேன்.

இன்று காலை அதே இறக்கத்தில், மேலே சமதளத்திலேயே இரண்டாவது கியர் போட்டுக்கொண்டு, ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் வைத்து இறங்கினேன். வால் அசையவில்லை. ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது, காரைக் கிளப்பியதும் டயர் அழுத்த விளக்கு எரிந்தது, போன வாரம்தான் சரியாக நிரப்பியது. ஆணி ஏதாவது ஏறியிருக்குமா?

வெண்பாதை:

நான்கிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் ஆணி இல்லை, குளிர்தான். 10 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார் குறையும். காலையில் ஓட்டுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து, கதவோரத்து ஒட்டியில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். பனிக்கு அழுத்தம் குறைவாக இருப்பது நல்லது என்று யாராவது சொன்னால் இந்தக் காரில் அதைச் செய்யாதீர்கள். ஒரே ஒரு டயர் மட்டும் குறைந்திருந்தால் இன்றே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.